மலை பஸ்ஸில் வந்த தோல்நோய்ப் புத்தகம்

படிக்கிற காலத்தில் எங்கள் மருத்துவப் பல்கலைக்கழக நூலகத்தை நான் பெரும்பாலும் தூங்கத்தான் பயன்படுத்தினேன். வளாகத்திலேயே ஏசி நன்றாக வேலை செய்த இடம் அது. தடித்த புத்தகம் ஒன்றை விரித்து அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டால், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மும்முரமாகப் படிப்பது போலவே தெரியும். ஜவ்வாது மலையில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராக வேலைக்கு வந்த பிறகுதான் அந்த நூலகத்தின் அருமை எனக்கு உறைத்தது.

மலையில் நான் ஒரே டாக்டர். எட்டிப் பார்த்துச் சந்தேகம் கேட்கப் பக்கத்து அறையில் சீனியர் யாரும் கிடையாது. காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவேன். தோல் நோய் என்றால்தான் உதறல். கல்லூரியில் தோல் பிரிவில் பயிற்சி நடந்த சமயத்தில் அக்கா கல்யாணம் வந்துவிட்டது, நான் கண்ணமங்கலத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். தோல் விஷயத்தில் நான் கால் வைத்தியர்கூட இல்லை.

எங்கள் நூலகம் பழைய மாணவர்களுக்கும் புத்தகம் தரும், கேட்கிற கட்டுரையைத் தேடி ஸ்கேன் செய்து போனுக்கே அனுப்பும் என்று கூடப் படித்தவள் சொன்னாள். கூப்பிட்டுப் பார்த்தேன். தகவல் பிரிவில் இருந்த நூலகர் அம்மா போனை எடுத்தார். எதைக் கேட்டாலும் அவர் முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"இது நோயாளிக்கா டாக்டர், பரீட்சைக்கா, இல்ல சும்மா தெரிஞ்சிக்கவா?"

நோயாளிக்கு என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தேடுவார். பரீட்சைக்கு என்றால் நாளைக்கு. சும்மா என்றால் வரிசையில் நிற்க வேண்டும். இது தெரிந்த நாள் முதல் நான் 'சும்மா' என்று சொன்னதே இல்லை. அவருக்கும் அது தெரியும். "உங்க மலையில நோயாளிங்க ரொம்ப ஜாஸ்தி போலக்கீதே" என்பார்.

புத்தகங்கள் எனக்கு பஸ்ஸில் வரும். மலைக்கு எல்லாமே அப்படித்தான் வருகிறது. தைத்த ஜாக்கெட், பழுது பார்த்த மிக்சி, பெண் வீட்டுப் பலகாரம், எதுவானாலும் "பஸ்ல போட்டு விடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூலகத்து ஊழியர் பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம் கொடுப்பார். அமிர்தி வழியாக ஏறி வரும் அந்த பஸ்ஸின் கடைசி நிறுத்தம் எங்கள் சுகாதார நிலையத்துக்கு எதிரே. நான் ஸ்டெதஸ்கோப்போடு ஓடிப் போய் வாங்கிக்கொள்வேன்.

கண்டக்டர் அமிர்திப் பக்கத்து இளைஞர். டிக்கெட்டைக்கூடப் பாட்டும் தாளமுமாகக் கிழிப்பவர். தை மாதம் அவருக்குக் கல்யாணம், திருப்பத்தூர்ப் பக்கத்தில் சொந்தத்திலேயே பெண். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே வாயாலேயே மலை முழுக்க அழைத்து முடித்திருந்தார்.

அந்த பஸ்ஸில்தான் தோல்நோய்ப் படப்புத்தகம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். கட்டியிருந்த சணல் மலை ஏற்றத்தில் அவிழ்ந்துவிட்டதாம். அது அவிழ்ந்ததா, அவிழ்க்கப்பட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

"மேடம், புக்கு பஸ்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துச்சு. கடைசி சீட்டு வரிக்கும் பாத்துட்டாங்க" என்றார் கண்டக்டர்.

புத்தகத்துக்குப் பின்னாலேயே பாதி பஸ் என் அறைக்கு வந்தது. சாமை மூட்டையை வாசலில் இறக்கி வைத்த ஓர் அம்மா, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "எங்க பையனுக்கு விரலு சந்துல இதே தான் கீது" என்றார். பையனைப் பார்த்தேன், சிரங்கு. அவர் சொன்னது சரிதான். அன்று எனக்கு வேலையே இல்லை, பக்கத்தைப் பார்த்து மருந்து எழுதியதைத் தவிர. அவ்வளவு உற்சாகமான நாள் அந்த வருடத்தில் வேறு இல்லை.

தவணை முடிந்ததும் புத்தகத்தை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து நூலகர் அம்மா கூப்பிட்டு, புத்தகம் வந்து சேரவில்லை என்றார். கண்டக்டரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குடுத்துடறேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். பாட்டில்லை, கிண்டல் இல்லை. கல்யாணம் நெருங்க நெருங்க மாப்பிள்ளைகளுக்கு வருகிற மிரட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை பஸ் வந்து நின்றதும் அவரே என் அறைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, டிக்கெட் செருகி வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தார். தொழுநோய்ப் பக்கம்.

"என் பிரண்டு ஒருத்தனுக்கு தோள்ல திட்டு திட்டா வெளுத்துக்கினு கீது. இதுவா மேடம்?"

"பிரண்டக் கூட்டிக்கினு வாங்க."

"அவன் வெளியூர்ல கீறான்."

நான் அவர் தோளையே பார்த்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் காக்கிச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். தோளிலும் கையின் மேல்பகுதியிலும் வெளிறிய திட்டுகள், அதைச் சுற்றிச் செக்கச் செவேலென்று புண்.

"இன்னா பண்ணீங்க இத?"

"ஊசியால குத்திப் பாத்தேன். இந்த நோவு வந்தா அந்த எடத்துல உணர்ச்சி இருக்காதுன்னு, பஸ்ல வர்ற காலேஜ் பொண்ணு இங்கிலீஷ்ல இருந்தத படிச்சி சொல்லுச்சு. ஒரு நேரம் வலிக்குது, ஒரு நேரம் வலிக்காத மாதிரி கீது." சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்திரிக்கை அடிக்க வேணாம்னு பொண்ணு வூட்ல சொல்லிட்டேன் மேடம். காரணம் சொல்லல. அவ நல்லா இருக்கணும்."

"அதுவாவே இருந்தாலும் பயப்பட ஒண்ணும் இல்லைங்க. மாத்திரை இருக்குது, சும்மாவே குடுக்கறாங்க, முழுசா சரியாய்டும். கல்யாணமும் தாராளமா பண்ணிக்கலாம்" என்றேன். 'அதுவாவே' என்ற சொல்லுக்குப் பிறகு அவர் காதில் எதுவும் விழவில்லை.

உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். "பஞ்சு பட்டா சொல்லுங்க."

"படுது."

நான் இன்னும் பஞ்சையே எடுக்கவில்லை.

"இப்பவும் படுது மேடம். நல்லா படுது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்குக் கண்ணை மூடினால் எல்லாமே பஞ்சு. சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி மறுபடி முயன்றேன், நான் தொட்டாலும் படுகிறது, தொடாவிட்டாலும் படுகிறது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். திட்டின் மேலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் எடுத்துக்கொண்டு, மதியம் பேசலாம் என்று அனுப்பிவைத்தேன்.

தேமலாகத்தான் இருக்கும் என்று பட்டது. ஆனால் 'பட்டது' என்பதை நம்பி ஒருவருடைய கல்யாணத்தில் கை வைக்க முடியுமா? அவர் குத்திக் குத்தித் திட்டின் உருவத்தையே மாற்றி வைத்திருந்தார். புத்தகத்தைப் புரட்டினால் எல்லாமே வெள்ளைக்காரத் தோல். நம் மாநிறத்தில் வெளிறித் தெரிவது அங்கே சிவந்து தெரிகிறது. தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறினால்தான் எனக்கு சிக்னல் கிடைக்கும். ஏறி நூலகத்தைக் கூப்பிட்டேன்.

"நோயாளிக்கா டாக்டர்?"

"இந்த தடவ சத்தியமா நோயாளிக்குதாங்க."

என் குரலைக் கேட்டதும் அவர் கிண்டலை விட்டுவிட்டார். தோல் பிரிவுப் பேராசிரியர்கள் பல வருடங்களாக எடுத்த படங்கள் நூலகத்துக்கு வந்திருக்கின்றனவாம். அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "எல்லாம் நம்ம ஊரு தோலு டாக்டர். வைங்க, எடுத்து அனுப்பறேன்" என்றார்.

படியிலேயே உட்கார்ந்திருந்தேன். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பக்கம் தொழுநோய்த் திட்டு, ஒரு பக்கம் தேமல், இரண்டும் எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் அதே நிறத்தில். கூடவே, தேமலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எப்படித் தெரியும் என்ற படமும் இருந்தது. ஆய்வகத்துக்கு ஓடி, தகட்டில் மருந்துச் சொட்டு விட்டு, அது ஊறும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை வைத்தேன். படத்தில் இருந்த அதேதான்: குட்டை குட்டையாக இழைகள், நடுவே கொத்துக் கொத்தாக உருண்டைகள். சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசம்! நான் போட்ட கூச்சலில் லேப் டெக்னீஷியன் பாம்புதான் வந்துவிட்டது என்று நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார்.

மதிய பஸ்ஸில் ஊருக்குப் புறப்பட்டேன். கண்டக்டர் என் பக்கம் பார்க்காமலே டிக்கெட் கொடுக்க வந்தார். மருந்துச் சீட்டை அவர் கையில் வைத்து, மெதுவாக, "தேமலுங்க. வெறும் தேமல்" என்றேன்.

"சாமி மேல சத்தியமா?"

"மைக்ராஸ்கோப் மேல சத்தியமா."

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். டிக்கெட்டுக்குக் கை நீட்டியவர்களை அவர் கவனிக்கவே இல்லை. கொஞ்ச தூரம் இறங்கியதும் துள்ளி எழுந்து, "அண்ணே, சிக்னல் வர்ற வளைவுல ஒரு நிமிசம் நிறுத்துண்ணே!" என்று கத்தினார். டிரைவர் எதுவும் கேட்காமல் நிறுத்தினார்.

அவருடைய போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே பஸ் முழுக்கக் கேட்டது.

"ஏய், பத்திரிக்கை அடிக்கச் சொல்லு உங்கப்பாவ!"

அந்தப் பக்கம், அழுது கம்மிய ஒரு பெண் குரல். "அன்னிக்கி வேணாம்னு சொன்ன, இன்னிக்கி அடின்ற. இன்னா மாமா ஆச்சு உனக்கு?"

"தோள்ல வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. பெரிய நோவுன்னு நெனச்சிட்டேன். உன் வாழ்க்கைய கெடுக்கக் கூடாதுன்னுதான் வேணாம்னேன். இப்ப மேடம் பாத்து சொல்லிட்டாங்க. தேமலாம்! வெறும் தேமல்!"

"தேமலா?"

"ஆமா!"

"தேமலுக்கா மாமா கல்யாணத்த நிறுத்தின? எனக்கு முதுகு பூரா கீது. சொன்னா நீ வேணாம்னுடுவியோன்னு இத்தினி நாளா தாவணிய இழுத்து இழுத்து மூடிக்கினு கீறேன்."

முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை சிரிப்பு வெடித்தது. கண்டக்டர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான். என் கண்ணும் கலங்கிவிட்டது. எட்டி அவர் சட்டைப் பையிலிருந்த மருந்துச் சீட்டை உருவி, ஒரு டப்பா என்று எழுதியிருந்ததை அடித்து, இரண்டு டப்பா என்று எழுதிக் கொடுத்தேன்.