வாயால் போன வாரண்டி

செத்துப்போன என் கம்ப்யூட்டர் பிராசஸரை எடுத்துக்கொண்டு, செம்மண்டலத்திலிருந்து பஸ் பிடித்து, அதை வாங்கிய சிதம்பரம் கடைக்கு இன்று போனேன்.

கடைக்காரர் என்னை முறைத்தார். "ஓவர்க்ளாக் பண்ணீங்களா? கம்பெனி சொன்ன ஸ்பீடுக்கு மேல ஓட்டியிருந்தா வாரண்டி கெடையாது."

"அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியாதுங்க."

நம்பிவிட்டார். வாரண்டி ஃபாரத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், அடுத்த மாதம் வரப்போகும் மலிவு விலை பிராசஸரைப் பற்றி ஆரம்பித்தார். "அது டப்பாங்க. என்னா ஓவர்க்ளாக் பண்ணாலும் மூணரை கிகாஹெர்ட்ஸ் தாண்டாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ், சூடு தணிக்கிற கூலரை உனக்கு ஒழுங்கா மாட்டத் தெரியலன்னா பிராசஸர் என்னா பண்ணும்? என்னுது பழைய மாடல், அதுவே மூணு புள்ளி எட்டு போச்சு."



கடைக்காரர் பேனாவை மூடிவிட்டு, பிராசஸரை என் கையிலேயே திருப்பி வைத்தார். "அப்படின்னா என்னன்னு இப்ப தெரிஞ்சிடுச்சா?"

கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் எரிகிறது.

வாரண்டி போனால் போகட்டும். ஆனால் அந்தப் புது பிராசஸர் நாலைத் தாண்டும். தாண்டாது என்பவர்கள் கமெண்டில் வாருங்கள். மறைக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை.