பிக்குணி சொல்லாத பதில்

மொழிபெயர்ப்பாளனாக நான் செய்த மிகப் பெரிய பிழையை, இப்பணிக்குப் புதிதாக வருவோருக்காக எழுதிவைக்கிறேன். அன்று என் தமிழ் மிக அழகாகவே இருந்தது.

இடம், புலம்பெயர்ந்த தமிழர் வாழும் லாசால் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். மாதம் ஒருமுறை தமிழ்க் கத்தோலிக்கர் சிலரும் வியட்நாமியப் பௌத்தர் சிலரும் கூடித் தியானித்து, பின் உரையாடுவார்கள். பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் இடையே நான். முறை கன்செக்யூட்டிவ்: ஒருவர் பேசி நிறுத்தியதும் நான் சொல்ல வேண்டும். விவாத மேடைகளில் பரிசு வென்றவனுக்கு இது எளிது என்றே எண்ணினேன்.

அன்று றோசலின் அக்கா முதன்முறையாக வந்திருந்தார். கணவரைப் போரில் இழந்தவர். தியானம் முடிந்ததும், கையில் செபமாலையோடு, எதிரே மஞ்சள் அங்கியில் இருந்த பிக்குணியை, அந்த வியட்நாமியப் பௌத்தத் துறவியை, நேராகப் பார்த்தார்.

“உந்த உடுப்புப் போட்டவை எங்கட ஊரில ஆமிக்காரரின்ர கையில நூல் கட்டி ஆசீர்வதிச்சதைக் கண்டனான். இவ அவையில்லை எண்டு தெரியும். எண்டாலும் பாத்தவுடன நெஞ்சு கொதிக்குது. இந்தக் கோவத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? கேளும் தம்பி.”

சொல் பிசகாமல் பிரெஞ்சில் கேட்டேன். பிக்குணி கண்களைத் தாழ்த்தினார், பேசவில்லை. மேடையில் இத்தகைய மௌனம் தோல்வி. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கருணை, மன்னிப்பு, கடல், அலை என்று, அவர் சொன்னதுபோல, நானே தமிழில் நான்கு வாக்கியங்களை அடுக்கினேன்.

“தம்பி, அவ இன்னும் வாயே திறக்கேல்லை. நீர் ஆரின்ர பதிலைச் சொல்லுறீர்?”

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, எழுந்து தம் குளிர்க்கோட்டை எடுத்தார். “பேச்சுக் கேக்கிறதெண்டால் வீட்டில ரீவி பாத்திருப்பன்.”

கதவைத் தாண்டினால் அவர் திரும்பி வரமாட்டார். எழுந்து நின்றேன்.

“அக்கா, அது நான் சொன்னது. அவ சொல்லேல்லை. மன்னியுங்கோ.”

பிக்குணியிடமும் பிரெஞ்சில் ஒப்புக்கொண்டேன். ஒரே நாளில் இரு மொழிகளில் தோற்றது அதுவே முதல்முறை.

நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துப் பிக்குணி சொன்னார்: “எனக்குத் தெரியவில்லை. கோபத்தை இங்கேயே கொண்டுவரட்டும். நான் அவர் அருகில் அமரலாமா?”

ஓர் அடைமொழிகூடச் சேர்க்காமல் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா அவரையே பார்த்தார். பிறகு கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். பக்கத்து நாற்காலியில் கிடந்த தம் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

விவாத மேடையை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் ஒருவருடைய மௌனம் அவருக்கே உரியது. அதை மொழிபெயர்க்கும் அதிகாரம் நமக்கில்லை. இப்போதெல்லாம் எவரும் பேசாதபோது குறிப்பெடுக்கும் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

மறுமாதம் அக்கா வாசலிலேயே நின்று கேட்டார்: “இண்டைக்கும் உம்மட பிரசங்கம் இருக்கோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப இருக்கிறன்.”