மூன்றாம் மாடி ஆல்பனா

ஒரு வாரமாக என் ஸ்கெட்ச்புக்கில் ஒரு கோடுகூட உருப்படவில்லை. காலேஜ் பைனல் டிசைனுக்கு என்னத்தைக் கொடுப்பது?

இன்று வியாழக்கிழமை. லேக் மார்க்கெட்டில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி வங்காளி அண்ணி, நான் பௌதி என்று கூப்பிடுபவர், லக்ஷ்மி பூஜைக்காக வாசல்தரையில் ஆல்பனா சித்திரம் போட்டிருந்தார். அரிசிமாவில் இழுத்த ஒரு கொடி, நுனியில் சுழித்துத் தன்னையே திரும்பிப் பார்த்தது.

படியில் உட்கார்ந்து அப்படியே வரைந்துகொண்டேன். பௌதி கதவைத் திறந்தார்.

"உங்க டிசைனைத் திருடிட்டேன்" என்று வங்காள மொழியில் ஒப்புக்கொண்டேன்.

சிரித்தார். "அது என்னோடது இல்ல மா. உங்க அம்மா போடற கோலத்துலேருந்து நான் திருடினது."

கீழே வந்து அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன்.

"ஆமா, தினம் அதை மிதிச்சுண்டுதானே காலேஜுக்கு ஓடறே" என்றாள்.

நாளைக்கு அம்மா கோலம் போடும்போதே எழுந்துவிடுவேன். சிரிக்காதீர்கள், அலாரம் வைத்தாயிற்று.