பழப்புளி தேய்த்த டொலர்

கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசு. அதில் ஒரு பெண் பொதிகளின் மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றி நட்சத்திரங்கள். முகத்தில் அடுப்புக்கரி படிந்ததுபோல ஒரு நிறம். விளிம்பில் மட்டும் நீலமும் ஊதாவும், மழை விட்ட ரோட்டில் கிடக்கும் எண்ணெய்போல. முல்லைத்தீவுக் கரையோரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், மாதா சுரூபத்தின் காலடியில், மெழுகுதிரி உருகி வழிந்த ஒரு சிறு தட்டில் அதைக் கண்டேன். விஞ்ஞான ரீச்சராக முதல் நியமனம் கிடைத்து கிளிநொச்சி உருத்திரபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போய் இறங்கிய அன்று, பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தத் தட்டின் முன்னால் நின்றுவிட்டேன். வீட்டுக்கார அன்ரி நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துச் சந்தோசப்பட்டார். சைவப் பிள்ளைக்கு எங்கள் மாதாவில் இவ்வளவு பக்தியா என்று பிறகு பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

கிளிநொச்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் காசு சேர்க்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் பிறந்தநாள் வாழ்த்து மட்டைக்குள் வைத்து அனுப்பிய ஒரு மண்ணிறச் செம்புச் சதத்தில் தொடங்கியது. பிறகு போனில் இரவு பகலாக வாசித்தேன். எந்த ஆண்டில் எந்த நாணயச்சாலையில் அடித்தது, எது உருக்கப்பட்டது, எது தப்பியது என்றெல்லாம் மனப்பாடம். என்னிடம் இருந்தது வெறும் நான்கு காசு. ஆனால் நான்காயிரம் காசுக்கான கதை என் வாயில் இருந்தது. இப்போது அந்தக் கதையை யாராவது தொடங்கினாலே களைப்பாக இருக்கிறது. அல்பம் அலுமாரியின் மேல்தட்டில், தவணைப் பரீட்சைத் தாள்களுக்குக் கீழே கிடக்கிறது.

அன்ரியின் மாமனாருடைய தகப்பன் பாய்த்தோணியில் ரங்கூனுக்குப் போய்வந்த காலத்தில் கொண்டுவந்த காசாம் அது. கிழக்கு நாடுகளில் வியாபாரம் செய்வதற்கென்றே அமெரிக்கா அடித்த டொலர். அந்த வீட்டில் அதை ஒருவரும் டொலர் என்று சொன்னதில்லை; அது மாதா காசு. அன்ரியின் புருசன், அங்கிள், அதைத் துணிப்பையில் தைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போவாராம். கடைசி இடப்பெயர்வில் அது அன்ரியின் சட்டை மடிப்புக்குள் இருந்தது. அங்கிள் பிறகு வருத்தம் வந்து படுக்கையில்தான் செத்தார், கடல் அவரைத் தொடவில்லை. அது மாதாவின் வேலை என்பதில் அன்ரிக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. “கையைப் பாருங்கோ பிள்ளை. கடலுக்குப் போனவையை வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறா” என்பார். அந்தக் கையில் இருப்பது சமாதானத்துக்கான ஒரு மரக்கிளை என்று நான் விளக்கினேன். மாதாவின் முடியில் பன்னிரண்டு நட்சத்திரம்தானே, இதில் பதின்மூன்று இருக்கிறதே என்று எண்ணிக் காட்டினேன். “ஒண்டு கூடினதுதானே. குறையேல்லையே” என்றார். பின்பக்கத்துக் கழுகு அந்த வீட்டில் புறா வடிவில் வருகிற பரிசுத்த ஆவி. அன்ரியின் இளைய மகன், வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், என்னைவிட ஒரு வயது மூத்தவர், வலைக்கு முடிச்சுப் போட்டபடியே சொல்லுவார்: “எங்கட வீட்டில பரிசுத்த ஆவி கொஞ்சம் கொழுத்துப் போனார் ரீச்சர். நகத்தைப் பாருங்கோ.” அன்ரி அகப்பையை ஓங்குவார்.

அந்தக் கழுகின் காலடியில் இரண்டு சின்ன C எழுத்துகளைக் கண்ட நாளில்தான் எல்லாம் கெட்டது. பாலைவனத்து நாணயச்சாலை ஒன்றின் அடையாளம் அது, ஆண்டு 1878. தேடுகிறவர்கள் ஆயுள் முழுக்கத் தேடுவது. பள்ளிக்கூட ஆய்வுகூடத் தராசில் வைத்து நிறுத்தேன். தேய்மானம் போக நிறை சரியாக வந்தது. காந்தம் பிடிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு வகுப்பே எடுத்தேன். விளிம்பில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். கழுவக்கூடாது, துடைக்கக்கூடாது. “இந்தக் கறுப்புத்தான் அன்ரி இதின்ர வயசு. தேய்ச்சா இது வெறும் வெள்ளித் துண்டு. ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.” இதை மூன்று தரமாவது சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் பழக்கம். வலையை ஓரமாக வைத்துவிட்டுச் சின்னவன் கேட்டார், அப்பிடியே குடுத்தா என்ன குடுப்பாங்கள் என்று. நான் ஒரு தொகை சொன்னேன். அது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் அவரிடம் கேட்டிருந்த தொகையைத் தாண்டியது என்று எனக்கு அப்போது தெரியாது. அன்ரிக்குத் தெரியும். அவர் எழுந்து குசினிக்குள் போனதும், தேங்காய் துருவும் சத்தம் நெடுநேரம் கேட்டதும் நினைவிருக்கிறது.

மூத்த மகன் அப்படி ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிப் போனவர். இடையில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருதரம் போன் எடுத்தார், குளிர் என்று சொன்னார். அதோடு சரி. அவருடைய படத்துக்கு மாலை போடவும் அன்ரி சம்மதிக்கவில்லை, அந்தப் படத்தை எடுத்துவைக்கவும் சம்மதிக்கவில்லை. அந்த வீட்டில் இன்னும் மூன்று கோப்பைதான் மேசையில் வைப்பார்கள். நான் வந்த பிறகு நான்கு. இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும், காசைப் பார்த்த கண் வேறொன்றையும் பார்க்கவில்லை. சின்னவன் போக வேண்டும் என்றார். கடலில் இனி என்ன இருக்கிறது, வள்ளமும் பழசு, மற்றவர்கள் போய் இருக்கிறார்கள்தானே என்றார். அன்ரி மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளையின் காலைக் கட்டிப்போட்ட தாய் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான்தான் கொழும்பில் பழைய காசு வாங்கும் ஒருவரைப் பிடித்தேன். படம் பார்த்த அன்றே அவர் நேரில் வருவதாகச் சொன்னார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அவர் வந்த நாள் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். மேசையில் அதே வெள்ளைத் துணி. அதன் நடுவில் காசு, புதுத் தகரம்போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. குத்துவிளக்கையும் சிலுவையையும் திருநாளுக்கு முன்னால் தேய்ப்பதுபோல, பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் அன்ரி தேய்த்திருந்தார். எந்தத் திருநாளிலும் அவர் அந்தக் காசை மட்டும் தேய்த்ததில்லை. அதில் அங்கிளின் வேர்வை இருக்கிறது என்பார். வந்தவர் லென்ஸை வைத்து ஒரு கணம் பார்த்தார், காசைத் துணியில் வைத்தார், கழுவியிருக்கு என்றார். தேநீரைக் குடித்து முடித்துப் போய்விட்டார். “மாதாவை ஊத்தையோட எப்பிடி ஆரிட்டயும் குடுக்கிறது?” என்று அன்ரி பொதுவாகச் சொன்னார். சின்னவன் கரைக்குப் போனார். நான் அவருக்குப் பின்னால் போய், அன்ரி வெளியாட்களுக்கு முன்னால் எப்போதும் இப்படித்தான், நான்தான் சரியாக விளங்கப்படுத்தவில்லை, என் பிழை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

பின்னேரம் குசினிக்குள் போனேன். அன்ரி மீன் வெட்டவில்லை, அரிசி களையவில்லை, சும்மா இருந்தார். விரல் நுனிகள் சாம்பலில் வெடித்திருந்தன. என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“நீங்கள் சொன்னது எனக்கு மறக்கேல்ல பிள்ளை.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை. சின்னவன் போகவில்லை. எனக்கு அடுத்த வருசம் கிளிநொச்சிப் பக்கம் மாற்றம் வந்தது. மகனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, தாயிடமிருந்து ஓர் உண்மையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வேறு காசு எதையும் அதற்குப் பிறகு நான் வாங்கவில்லை.

போன மாதம் அன்ரியின் ஓராண்டு நினைவுப் பூசைக்குப் போயிருந்தேன். வாசலில் சின்னவனின் மகள் மண்ணில் இருந்தாள். மனைவி கதிரை எடுத்துப் போட்டார். மாதாவின் காலடியில் அதே தட்டு, அதே காசு. கடல் காற்று தன் வேலையைத் தொடங்கியிருந்தது. விளிம்பிலிருந்து மஞ்சளும் மண்ணிறமும் உள்ளே ஏறிக்கொண்டிருந்தன.

“முழுக்கக் கறுத்தாப் பழையபடி எடுப்பாங்களோ ரீச்சர்?” என்று சின்னவன் கேட்டார்.

இல்லை, கீறல் அடியில் இருக்கும், லென்ஸ் வைத்தால் தெரிந்துவிடும் என்றேன். பிறகு, இத்தனை வருசமாக வைத்திருந்ததையே திரும்பச் சொன்னேன்: அம்மாவுக்குத் தெரியாது, பிழை என்னுடையது.

அவர் சிரித்தார். “நீங்கள் வடிவா விளங்கப்படுத்தினீங்கள் ரீச்சர். நானும் பக்கத்திலதானே இருந்தனான். அண்டைக்குப் பழப்புளி வாங்கியரச் சொல்லி அம்மா என்னைத்தான் கடைக்கு விட்டவா. அந்தக் கிழமை முழுக்கக் கடல் அடிச்சு வீட்டில ஒரு மீன் இல்லை. பிறகென்னத்துக்குப் புளி?”

எப்போது விளங்கியது என்று கேட்டேன்.

“கடையால வரேக்கையே. சைக்கிளை நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் நிண்டனான். பிறகு கொண்டுபோய்க் குடுத்தனான்.”

காசை எடுத்துப் பார்த்தேன். பழக்கத்தில் விரல்கள் விளிம்பையே பிடித்தன. சாம்பல் தேய்த்ததில் காசுப் பெண்ணுடைய மூக்கும் கண்ணும் மழுங்கியிருந்தன. நீட்டிய கை அப்படியே இருந்தது. கரையில் யாரோ சின்னவனைக் கூப்பிட்டார்கள், வள்ளம் தள்ள ஆள் வேண்டுமாம். அவர் காசை என்னிடமிருந்து வாங்கி, உள்ளங்கையில் முழுதாகப் பொத்தி, கழுத்தில் கிடந்த துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை.