திருச்சுழி சாலையில் ஆறு நொடி

பிற்பகல் மூன்றரைக்கு அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். சித்தி ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர். கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. கம்பத்துக்குக் கம்பம் இணையக் கேபிள் கறுப்பாகக் கூடவே வந்தது.

"அந்த ஊர்ல இப்ப நெட்டு பிரமாதமாமே," என்றார் கண்டக்டர்.

"நூறு எம்பிபிஎஸ் வேகம்ணே," என்றேன், நானே இழுத்துக் கொடுத்தவள் மாதிரி.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி போனவள் நான். அதனால்தான் சித்தி கூப்பிட்டிருந்தார். அவர் மகள் செல்வி, ஒரு சட்டையை வெட்டித் தைத்து முடிப்பதுவரை வீடியோ எடுத்திருந்தாள். ஓர் ஆடை நிறுவனத்தின் தளத்தில் அன்று ஐந்து மணிக்குள் ஏற்றினால்தான் மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

பஸ் நிறுத்தத்திலேயே செல்வி என் பையை வாங்கிக்கொண்டாள். "அறுநூறு எம்பி இருக்குக்கா. போனதும் அனுப்பிருவமா?"

"நூறு வேகத்துல அறுநூறுன்னா ஆறு செகண்டு. என்ன அவசரம்?"

வீட்டில் நுழையும்போது மணி நான்கு. கோழி அடித்திருந்தார்கள். விருந்தாளி கை நனைக்காமல் அங்கே எந்த வேலையும் தொடங்காது.

"வெயில்ல வந்த புள்ளைய வேலை வாங்குவியாடி? சோத்தப் போடு," என்று சித்தி அதட்டினார். செல்வி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். நான் ரசத்துக்கும் சோறு வாங்கிக்கொண்டேன்.

நாலு ஐம்பத்தைந்துக்குப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சதவீதம். இரண்டு. ஆறு நொடி எப்போதோ போய்விட்டது. பிறகுதான் உறைத்தது. வேகத்தை அளப்பது பிட்டில். வீடியோவை அளப்பது பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அது மட்டுமல்ல, நூறு என்பது வீட்டுக்கு வந்து இறங்கும் வேகம். அந்த இணைப்பில் ஏற்றும் வேகம் பத்துதான். செல்வி பக்கத்தில் நிற்க, அறுநூறை எட்டால் பெருக்கிப் பத்தால் வாய்விட்டு வகுத்தேன். நானூற்றெண்பது நொடி, எட்டு நிமிடம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம்.

ஐந்து மணிக்கு அறுபத்திரண்டு சதவீதத்தில் தளம் மூடிக்கொண்டது.

"பாழாப்போன லைனு!" என்றார் சித்தி.

"லைன் சரிதான் சித்தி. என் கணக்குத்தான் தப்பு."

"எங்களுக்காகப் பழிய ஏத்துக்காத தாயி. படிச்ச புள்ள, ஒனக்குத் தப்புமா?" மிச்சக் குழம்பைச் சுடவைத்துத் தூக்குவாளியில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

நிறுத்தம்வரை செல்விதான் பையைத் தூக்கி வந்தாள். பஸ் தெரிந்ததும் கேட்டாள்: "எட்டால பெருக்கணும், இல்லக்கா?"

"ஆமா."

"தெரிஞ்சிருந்தா சோறு போடுறதுக்கு முந்தியே நான் அனுப்பிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பையை நீட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே கண்டக்டர். "என்னம்மா, நெட்டு எப்படி?"

"நல்லாத்தான் இருக்குண்ணே," என்றேன். தூக்குவாளி மடியில் சுட்டது. ஊர் வரும்வரை அதை நகர்த்தி வைக்கவில்லை.