கோல் கம்பத்துக்குப் பின்னால்

லோகநாதனின் கைகளைப் பார்த்தால் பட்டுத் தறிக்காரர் என்று சொல்லிவிடலாம். பந்து பிடித்த கைகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விரல்கள் அவ்வளவு வழவழப்பு. பட்டு நெய்கிறவரின் கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் போதும், இழை அதில் மாட்டி இழுத்துக்கொள்ளும், சேலை கெட்டுவிடும். பள்ளிக்கூட நாட்களில் ஆரணிக் கோட்டை மைதானத்தில் கோல் காத்தவரை, தறியில் உட்கார வைத்த அன்றே இனி பந்தைத் தொடக்கூடாது என்று அவருடைய அப்பா சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு மனைவி கமலம் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தாள்.

ஆனாலும் மைதானத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். முன்னால் நிற்பவன் தருமன். போளூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன், அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். காய்த்துப்போன பெரிய கைகள் அவனுக்கு. மண்ணில் விழுவான், முழங்கை உரியும், துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி நிற்பான். மறுநாள் எந்த அரிசி மூட்டையும் அவன் கை சொரசொரப்பாக இருக்கிறது என்று முகம் சுளிக்காது. அதை நினைத்தாலே லோகநாதனுக்கு அடிவயிறு எரியும். கூட்டம் கைதட்டினால் இன்னும் எரியும்.

"இவன்லாம் ஒரு கோலியா? நிக்கிற லட்சணத்தப் பாரு," என்பார் பக்கத்தில் நிற்பவரிடம்.

"அதான் புடிச்சிட்டானேப்பா."

"புடிச்சான். அழகா புடிச்சானா?"

எண்பத்தொன்றாம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள் இராஜமாணிக்கம் ஆங்கிலப் பேப்பரோடு மைதானத்துக்கு வந்தார். பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவர், அணிக்குச் செயலாளர். ஐரோப்பாவில் ஜெயித்த கிளப்பும் தென் அமெரிக்காவில் ஜெயித்த கிளப்பும் ஜப்பானில், டோக்கியோவில், மோதியிருந்தன. பிரேசிலின் ஃபிளமெங்கோ மூன்று கோல் போட்டிருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் ஒன்றுகூடப் போடவில்லை.

"ரெண்டு பேரு ஊரும் கெடையாது, பொதுவா மூணாவது ஊரு. ஒரே மேட்ச். நாமளும் வெப்போம்," என்றார் இராஜமாணிக்கம். "ஆரணில ஜெயிச்சது நாம. போளூர்ல ஜெயிச்சவன் வரட்டும். கண்ணமங்கலத்துல ஆடலாம்."

"அப்ப கண்ணமங்கலம்தான் நமக்கு டோக்கியோவா?"

"ஆமா. வேலூர் பஸ்ஸு ஏறுனா டோக்கியோல எறங்கிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். லோகநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரே மேட்சில் தருமன் கம்பங்களுக்கு நடுவே நிற்பான், தான் பின்னால் நிற்க வேண்டும். சாவதற்குள் ஒருமுறை, அந்த ஒரு மேட்சில் முன்னால் நின்றுவிட்டால் போதும் என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் டீக்கடையில் கண்ணாடி டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார்: "தருமனுக்குப் போளூரு சொந்த ஊரு மாதிரி. மாமன் மச்சான்லாம் அந்த டீம்ல கீறானுங்க. ஒரு பந்த உட்டுட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னார். பேச்சு தெருத்தெருவாகப் போய், பொங்கலுக்கு முன்பு இராஜமாணிக்கமே தறி வீட்டுக்கு வந்து நின்றார்.

"லோகு, இந்த ஒரு மேட்ச் நீ நில்லுப்பா. ஊரு வாய மூட முடியல, ஒரே பேஜாரு. தருமன்கிட்ட சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"லோகண்ணன் நல்லா நிப்பாருன்னான்."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது லோகநாதனுக்கு.

தறியின் மறுபுறம் சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த கமலம் நிமிர்ந்தாள். "கல்யாணப் பொடவ தறில கீது. கையக் கெடுத்துக்கினு வந்தீங்கன்னா நான் தனியா இன்னாங்க பண்றது?"

"ஒரு மேட்ச்தான்," என்றார்.

கண்ணமங்கலத்தில் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். திரும்பிப் பார்த்தார். பின்னால், அவர் எப்போதும் நிற்கும் இடத்தில் தருமன் நின்றிருந்தான்.

"சும்மா ஆடுங்கண்ணா. நான் பின்னாலதான் கீறேன்."

உள்ளங்கை உரிந்தது, விரல் நுனியெல்லாம் மண் அப்பியது. வந்த பந்துகளையெல்லாம் தடுத்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் போளூர்க்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான்.

"எடது பக்கம்ண்ணா! எடது பக்கம்!" தருமன் கத்தினான்.

லோகநாதனின் கால் இடது பக்கம் போனது. நின்றது. மாமன் மச்சான்லாம் அந்த டீம்ல. தான் கட்டிவிட்ட பொய்தான், அந்த நொடியில் சத்தியம்போலக் காதில் கேட்டது. வலது பக்கம் பாய்ந்தார். பந்து இடது பக்கம் உள்ளே போனது. அந்த ஒரு கோலில் கோப்பை போளூருக்குப் போயிற்று.

"பையன் சரியாத்தானே கத்துனான்? நீ ஏன் அந்தாண்ட உழுந்தே?" என்றார் இராஜமாணிக்கம், பஸ்ஸில்.

"வெயிலு கண்ணுல அடிச்சிது."

"மானத்துல மேகம் மூடிக்கினு இருந்திச்சேப்பா," என்றது பின் சீட்.

மறுநாள் தறியில் உட்கார்ந்தார். தொட்ட இழையெல்லாம் விரலில் மாட்டியது. கமலம் திட்டவில்லை. அவர் கையிலிருந்த நாடாவை வாங்கிக்கொண்டு, தன் தம்பி மாணிக்கவேலைக் கூப்பிட்டு அவர் இடத்தில் உட்கார வைத்தாள். கை ஆறும்வரை அந்த இடமும் தனக்கில்லை என்று தெரிந்தது. மாணிக்கவேலின் மழமழத்த விரல்களையே பார்த்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். முன்னால் தருமன். கோட்டை மைதானம் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றுவதை லோகநாதன் பார்த்தார். முன்னால் ஆட்கள் மறைத்ததால் தருமன் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்.

"எடது பக்கம்டா!" வாய் கத்திவிட்டது.

தருமன் திரும்பவில்லை. கத்தியது யார் என்று பார்க்க ஒரு கணமும் நிற்கவில்லை. அப்படியே இடது பக்கம் பாய்ந்தான். எழுந்தபோது பந்து அவன் நெஞ்சில் இருந்தது.

லோகநாதனுக்கு அடிவயிறு எரிந்தது. கண்ணமங்கலத்தில் தன்னால் முடியாதது இவனுக்கு எப்படி இவ்வளவு சுலபமாக முடிகிறது?

தருமன் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். "நல்ல நேரத்துல சொன்னீங்கண்ணா."

எண்ணெய் மினுக்கும் கைகளை லோகநாதன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"புடிச்சே," என்றார். "அழகா புடிக்கல."