பதினோரு தையல்

செக்கிங் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. துணிக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் செக்கிங் பிரிவில் நின்றவள். தைத்து வரும் சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, தையல் கோணியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. கல்யாணம் ஆனது, கணவர் போய்ச்சேர்ந்தார், மகன் தூரதேசம் போனான். அவள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு அது எங்கள் தலையில் விடிந்தது.

நாங்கள் ஒன்பது பேர். வியாழக்கிழமை மத்தியானம் நூலகத்து மாடி அறையில் கூடி ஒட்டுப் போர்வை தைப்போம். முக்கோணமும் சதுரமுமாக வெட்டிய துணிகளைக் கையால் இணைத்தால் ஒரு கட்டம். ஆளுக்கு வாரம் ஒரு கட்டம். நாற்பத்தெட்டு சேர்ந்தால் ஒரு போர்வை, அது ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்குப் போகும். கட்டங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றோடொன்று சேர்ப்பது செக்கிங் அக்கா. சேர்க்கும் முன் எங்கள் தையலையெல்லாம் பிரித்து, தானே திரும்பத் தைத்துவிடுவாள். அது ஊரறிந்த ரகசியம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் போர்வை அழகாக வந்து தொலைத்ததே, வாயை மூடிக்கொண்டேன்.

அதிகம் பிரிபட்டது கண்டக்டரம்மாவின் தையல். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்ந்தவள், அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி, ஓயாத வாய். அவளுடைய ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஸ்டாப் தூரம் இருக்கும். பிரிக்கிற விஷயம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது; போர்வையை விரித்ததும் தன் கட்டத்தைத் தடவிக் காட்டுவாள்.

"பாருங்கடி, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. எனக்கா தைக்கத் தெரியாது?"

"நல்லாருக்கு" என்பாள் அக்கா, முகத்தில் ஒன்றும் காட்டாமல். பதினாலு வருஷம் இருவரும் அப்படித்தான் ஒரே குடையில் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை கண்டக்டரம்மா குளியலறையில் விழுந்தாள், எழவில்லை.

அக்கா அழவில்லை. சாவு வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக நேராக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமே தோணலைடி. மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள் என்னிடம். அடுத்த வியாழனும் நேரத்துக்கு வந்து துணி வெட்டினாள்.

மூன்றாம் வாரம் கண்டக்டரம்மாவின் மகள் மாடியேறி வந்தாள்.

"பெரியம்மா, அம்மா கையால தைச்ச கட்டம் ஒண்ணே ஒண்ணு வேணும். துணிமணியெல்லாம் அண்ணன் குடுத்துட்டாரு. அவங்க கைப்பட்டதுன்னு வீட்ல எதுவுமே இல்ல."

நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம்.

"பாத்து எடுத்து வைக்கிறேம்மா" என்றாள் அக்கா.

அலமாரியில், இன்னும் அடித்துணி வைக்காத போர்வைகள் மூன்று இருந்தன. மகள் கிளம்பிப் போன பிறகு அக்கா அவற்றைப் புரட்டிப் போட்டு விரலை ஓட்டினாள். "இது நான். இதுவும் நான்." மூன்றும் முடிந்தன. எல்லாம் அவளே.

"பேசாம நாமளே கோணலா தைச்சுக் குடுத்துடலாம்க்கா. அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியப்போகுது?" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனால் மேஜைமேல் நாலு துண்டு. நாலும் நேர்.

"கோணலா தைக்கக் கை வரமாட்டேங்குது" என்றாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா?

"அப்புறம் இது இருந்தது" என்று ஒரு துணிப்பையை என் பக்கம் நகர்த்தினாள். கண்டக்டரம்மா கடைசி வியாழன் கொடுத்த கட்டம். சனிக்கிழமை அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்திருக்கிறது. அப்படியே பையில் போட்டவள் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. உள்ளே துண்டுகள் உதிரியாகக் கிடந்தன. ஒரு நீலத் துண்டும் பூப்போட்ட துண்டும் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணினேன். பதினோரு தையல், ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து.

"போன் பத்து நிமிஷம் தள்ளி வந்திருந்தா இதுவும் இருந்திருக்காது." மளிகைச் சாமான் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மகள் வீட்டுக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். துண்டை நீட்டி, "இவ்வளவுதாம்மா இருக்கு. மத்ததெல்லாம் நான் பிரிச்சுட்டேன். பதினாலு வருஷமா" என்றாள். சுற்றி வளைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

அந்தப் பெண் பதினோரு தையலையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். "அம்மா கையெழுத்தும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். கதவுவரை வந்து, "தாங்க்ஸ் பெரியம்மா" என்றும் சொன்னாள். திட்டித் தீர்த்திருந்தாலாவது அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வியாழன் என் கட்டத்தைக் கொடுத்தேன். அவசரத்தில் தைத்தது, ஒரு முக்கோணத்துக்கு மூக்கே இல்லை. எப்படியும் அக்கா பிரிப்பாளே என்ற தைரியம். அடுத்த வாரம் சேர்த்துக்கொண்டு வந்தாள். புரட்டிப் பார்த்தேன். என் தையல் அப்படியே இருந்தது.

"ஏன்க்கா, பிரிக்கலையா?"

"இருக்கட்டும்டி. உன் கைதானே" என்று ஊசியில் நூலைக் கோத்தாள்.

இத்தனை வருஷமும் பிரிக்கிறாளே என்று எரிச்சல்பட்டவள் நான். பிரிக்காமல் விட்ட அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு அப்போதும் வரவில்லை.